கமலாசனி நேர்ந்த தலை

என் மனைவி கமலாசனியை அக்கராயனில் எல்லாரும் தெய்வம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தத் தெய்வத்தோடு குடும்பம் நடத்தியவன் நான். ஏரம்பு என்று ஒருவன் இருக்கிறானே, அவனையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று இதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

அவள் அரசாங்கச் சம்பளம் வாங்கிய மருத்துவிச்சி. ஐம்பத்துமூன்றாம் ஆண்டு அக்கராயன் குளத்தின் கீழ் காணி கிடைத்துத் தென்மராட்சியிலிருந்து நாங்கள் இங்கே குடிவந்தபோது, எனக்கு மூன்று ஏக்கர் வயலும் அதை மேய வரும் யானைகளும் கிடைத்தன. அவளுக்கு ஊர் முழுவதும் கிடைத்தது. மாரி தொடங்கினால் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை தண்ணீருக்குள் போய்விடும். பிள்ளைகளோ பாதை காயும்வரை பொறுத்திருப்பதில்லை. வெள்ளைச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, கறுப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் வெள்ளத்துக்குள் இறங்கிவிடுவாள். பெட்டிக்குள் கத்தரிக்கோல், நூல், பஞ்சு, மருந்து இருக்கும். ஓரமாக ஒரு சின்னத் தகரப் பேணியில் திருநீறும் இருக்கும்.

தாராளமான கை என்று அவளைப் புகழ்வார்கள். அந்தக் கை தாராளமாகத் துழாவியது என் அலுமாரியைத்தான் என்பது புகழ்கிறவர்களுக்குத் தெரியாது. பொங்கலுக்கு வாங்கிய என் புது வேட்டியில் பாதி யாரோ வீட்டுக் கைக்குழந்தையைச் சுற்றியிருக்கும். மிச்சப் பாதியையாவது வாங்கி வரலாம் என்று போனால், அந்த வீட்டில் இரட்டைப்பிள்ளை என்பார்கள். சம்பளம் கைக்கு வந்த அன்றே பால்மாப் பேணிகளாக மாறி ஊரைச் சுற்றப் போய்விடும். எங்கள் ஒரே மகள் அருந்ததியும் நானும் பாலில்லாத வெறுந்தேத்தண்ணி குடித்தோம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது நேர்த்திக்கடன் விஷயம்.

"என்ர கை செய்யிறதைச் செய்யும். கைக்கு எட்டாததுக்குத்தான் நேர்த்தி" என்பது அவளுடைய சித்தாந்தம். பிள்ளைப்பேறு கொஞ்சம் சிக்கலானால் போதும், அந்த இடத்திலேயே பிள்ளையாருக்கு எதையாவது நேர்ந்துவிடுவாள். முதலில் தேங்காய்தான் நேர்ந்தாள். ஒரு வருடம் மழை பொய்த்துத் தேங்காய்க்குத் தட்டுப்பாடு வந்தது.

"தேங்காய்க்கு நான் எங்கை போறது? உங்கட தலை சும்மாதானே கிடக்குது" என்றாள்.

அன்று தொடங்கியது. எந்தத் தாய் வேதனைப்பட்டாலும், "பிள்ளையாரே, ரெண்டு உயிரையும் தா, என்ர மனிசன் மொட்டையடிப்பார்" என்று ஒரே வாக்குத்தான். வேதக்காரத் தாய் என்றால் அந்தோனியாருக்கு நேர்வாள். என் தலைக்குச் சமயபேதம் கிடையாது. "ஏன், உன்ர தலையை நேர்ந்தால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். "மருத்துவிச்சி மொட்டையோட போய் நிண்டா, பெத்துக்கொண்டிருக்கிறவள் பயத்தில நிப்பாட்டிப் போடுவாள்" என்றாள்.

முடி வெட்டுகிற சின்னராசாவுக்கு இது பழகிவிட்டது. எங்கேயாவது பச்சைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டால், ஒருவரும் கூப்பிடாமலே சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவார். வாசலில் அவருடைய மணிச்சத்தம் கேட்கும்போது நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் போய்க் குந்துவேன். ஆணா பெண்ணா என்று கேட்பேன். தலையைக் குனியச் சொல்வார்.

மொட்டை எனக்கு மட்டும் துன்பமாக இருந்திருந்தால் பரவாயில்லை. அது அருந்ததியின் கல்யாணத்தில் வந்து விழுந்தது. அவளுடைய சாதகத்தில் செவ்வாய் குறுக்கே நின்றதால் பொருத்தம் அமைவதே அருமை. அமைந்த இரண்டு சம்பந்தத்தையும் என் தலை கெடுத்தது. செட்டிகுளத்திலிருந்து வந்தவர்கள், தகப்பன் மறியலில் கம்பி எண்ணி வந்தவரோ என்று அயலில் விசாரித்தார்கள். மற்றவர்கள் படலையைத் திறந்து என்னைக் கண்டதுமே, செத்தவீடாக்கும் என்று வந்த வழியே திரும்பிவிட்டார்கள். மகளுக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. மூன்றாவதாகப் பளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குத் தபாற்கந்தோரில் வேலை, அவருக்கும் செவ்வாய். இதுவும் தவறினால் இனி இல்லை என்று சாத்திரியார் கையை விரித்தார்.

நான் கமலாசனியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். "சம்பந்தம் சரிவரும் வரைக்கும் என்ர தலைக்கு லீவு. சத்தியம் பண்ணு."

"ஓம், தொடமாட்டன்."

"கண்ணாலயும் பாக்காதை."

சத்தியத்தைக் காப்பாற்றத்தான் செய்தாள். மாசியிலிருந்து ஆனிவரை பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் வேறு வேறு நேர்த்திகள் வைத்தாள். அதில் ஒன்று, வீட்டில் உப்பில்லாமல் சாப்பிடுவது. உப்பில்லாத மீன்குழம்பை என்னவென்று சாப்பிடுவது? ஆனாலும் சாப்பிட்டேன், ஏனென்றால் முடி வளர்ந்துகொண்டிருந்தது. பல வருடத்துக்குப் பிறகு ஒரு சீப்பு வாங்கினேன். அணைக்கட்டில் நின்று குளத்துத் தண்ணீரில் பார்த்து உச்சி பிரித்தேன். நல்லெண்ணெய் பூசிப் பூசித் தலையணையெல்லாம் எண்ணெயாகிப் போனது. "அப்பா, உங்களுக்குத்தான் மாப்பிள்ளை பாக்கினமோ?" என்று அருந்ததி சிரித்தாள். ஐம்பத்தொரு வயதில் நான் வடிவாகத்தான் இருந்தேன்.

பளைக்காரர் வருவதாகச் சொன்ன நாள் விடிந்தது. பத்து மணிக்கு நல்ல நேரம். விடியவே யோசெப் ஓடி வந்தார். குளத்தில் மீன்பிடிக்க முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து, எங்கள் வளவுக்குத் தெற்கே குடியிருந்தவர். மனைவி இராசாத்திக்கு நோவு கண்டுவிட்டது. கமலாசனி பெட்டியைத் தூக்கினாள். நான் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டேன்.

"சத்தியம் ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு, இருக்கு. பத்துக்கு முன்னம் வந்திடுவன். பலகாரத்தைப் பூனை தொடாமல் பாத்துக்கொள்ளுங்கோ."

ஒன்பது மணிபோல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. சின்னராசா இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"பிள்ளை பிறந்திட்டுதோ?" என்றேன்.

"பிறந்திட்டுது அண்ணை. ஆனால் அழேல்லையாம், யோசெப்தான் வந்து சொன்னவர். நீலமாக் கிடக்குதாம். அவா வாயால ஊதிக்கொண்டிருக்கிறா." சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கினார். "ஊதுற நேரத்துக்கிடையில நேர்ந்திட்டா. அந்தோனியாருக்கு. இப்பவே எண்டு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளைத் திட்டினேன். அந்தோனியாரைத் திட்டினேன். ஊரில் இத்தனை தலை இருக்க என் தலைதான் கிடைத்ததா என்று கத்தினேன். சின்னராசா கத்தியைத் தீட்டினார். தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உள்ளே அருந்ததி கூறைச்சேலைக்கு ஆசைப்பட்டுக்கொண்டு தலை பின்னுகிறாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய் முற்றத்தில் குந்தினேன்.

"கெதியா வழி" என்றேன்.

வலது பக்கம் முழுவதும் வழித்தாயிற்று. கத்தி உச்சிக்கு வந்தபோது யோசெப்பின் வீட்டிலிருந்து பிள்ளை வீரிட்டு அழுதது. என்ன தொண்டை அது! நான் துள்ளி எழும்பினேன்.

"அழுதிட்டுது! நிப்பாட்டு, நிப்பாட்டு! மிச்சம் தேவையில்லை!"

சின்னராசா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாதித் தலையோடயோ அண்ணை மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால நிக்கப்போறியள்?"

மறுபடி குந்தினேன்.

என் மொட்டையைக் கண்டதும் அருந்ததி பாதி பின்னிய தலைமுடியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட ஈர வேட்டியோடு முற்றத்துக்கு வரவும், வாடகைக் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பளைக்காரர் அரை மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் அப்புத்துரை முன்னால் வந்தார், கட்டுக்குடுமி, பட்டுச்சால்வை. பின்னால் அவருடைய தங்கை நாகேஸ்வரி, கையில் வாழைப்பழச் சீப்பு. இருவரும் படலையிலேயே நின்றார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். புதிதாக மழித்த தலை. ஈர வேட்டி. உள்ளே பெண் விம்முகிற சத்தம். வீட்டுக்காரியைக் காணவில்லை.

"அண்ணை... அவா எங்கை?" என்று நாகேஸ்வரி மெதுவாகக் கேட்டா.

கோபத்தில் எனக்கு வாய் வரவில்லை. கையை நீட்டித் தெற்கே காட்டினேன். யோசெப்பின் வீடு தெற்கேதான் இருந்தது. தெற்கு யமனுடைய திசை என்று அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? நாகேஸ்வரிக்கு வந்துவிட்டது. வாழைப்பழச் சீப்பு கீழே விழுந்தது.

"ஐயோ, என்ர மச்சாளே! முகம் பாக்க முன்னம் போயிட்டியே! ஊர்ப் பிள்ளையளை எல்லாம் ஏந்தின கையடி, உன்ர பிள்ளைக்குத் தாலி ஏற முன்னம் சாய்ஞ்சுதே!"

அவ முற்றத்தில் குந்தி மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினா. கார்ச் சாரதி தொப்பியைக் கழற்றினான். அப்புத்துரை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து என் தோளில் கை வைத்தார்.

"இல்லை அண்ணை" என்றேன். "அவள் சாகேல்லை."

"ஓம் தம்பி. சாகேல்லை. எங்களோடதான் இருக்கிறா."

"நான் சொல்லுறது, உண்மையா உயிரோட..."

"அப்பிடியே நினைச்சுக்கொள்ளும். மனத்தைத் தேத்தும்."

எப்படி விளங்கப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாகேஸ்வரியின் ஒப்பாரி காதில் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளத்துக்குள் இறங்கிப் போனவளே என்றா. தன் வீட்டுப் பாலை ஊருக்குக் கொடுத்தவளே என்றா. அது பளைவரைக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் அவள் இல்லாமல், இந்த முற்றத்தில் நான் மட்டும் நிற்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். என் தலையை நேர ஆளில்லை. என் அலுமாரியில் எல்லா வேட்டியும் அப்படியே இருக்கும். அவள் கூப்பிடு தூரத்தில் உயிரோடு நிற்கிறாள் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, அப்புத்துரையின் தோளில் சாய்ந்து நான் வாய்விட்டு அழுதேன். மூக்கால் வழிய வழிய அழுதேன்.

"இதென்ன கூத்து? ஆர் செத்தது?"

பிள்ளைப்பேறு பார்த்து, தலைமுழுகி, விரித்த ஈரக் கூந்தலோடு கமலாசனி படலையில் நின்றாள். வெள்ளைச் சேலை வேறு. நாகேஸ்வரி போட்ட கூச்சலில் சாரதி காருக்குள் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டான். கமலாசனி யாரையும் கவனிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"பெரிய மனிசன் சின்னப்பிள்ளையள் மாதிரி அழுறதே? அழுகையை நிப்பாட்டுங்கோ. வந்தவைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்கேல்லை." பிறகு என் தலையைத் தடவிப் பார்த்தாள். "ஆம்பிளைப் பிள்ளை. நல்ல நிறை."

அவளுடைய கால் நிலத்தில் படுகிறதா என்று குனிந்து பார்த்து, காலைத் தொட்டும் பார்த்த பிறகுதான் நாகேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினா. நான் நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை, மறைக்க முடி எங்கே இருக்கிறது? இந்தச் சம்பந்தத்துக்காகவே தலையை வளர்த்ததையும் அது போன விதத்தையும் சொன்னேன். கதவிடுக்கில் அருந்ததி நின்றாள். அப்புத்துரை தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி" என்றார் கடைசியில். "நான் எத்தனையோ செத்தவீட்டுக்குப் போயிருக்கிறன். செத்த பெண்சாதிக்கே சும்மா இருந்த புருசன்மாரைக் கண்டிருக்கிறன். உயிரோட இருக்கிறவவுக்கு இப்பிடி அழுற மனிசனை இண்டைக்குத்தான் கண்டன். இந்த வீட்டில வளந்த பிள்ளையே எங்களுக்குப் போதும். கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் பெரிய தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகும் அவள் என் தலையை விட்டுவைக்கவில்லை. அறுபத்தேழாம் ஆண்டு மார்கழியில், வெள்ளத்துக்குள் போய் வந்தவளுக்குக் காய்ச்சல் பிடித்தது. அவளுக்காக நான் எல்லாத் தெய்வங்களுக்கும் நேர்ந்தேன். எப்படி நேர்வது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லைப்போலும். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்கிறவன் நான்தான். சின்னராசா அழுதுகொண்டே வழித்தார். அவள் கையில் பிறந்த பிள்ளைகள் முற்றம் கொள்ளாமல் நின்றார்கள். அருந்ததியைத் தேற்ற ஆளில்லை. பளையிலிருந்து வந்த நாகேஸ்வரி பந்தல் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினா. நான் வாங்குப் பலகையில் அழாமல் இருந்தேன். ஏரம்பு கல்மனம்தான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அப்புத்துரை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அண்டைக்கு அப்பிடி அழுதனீர். இண்டைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லையே. அழும். அழுதாத்தான் ஆறும்."

"அண்டைக்கு நிப்பாட்டுங்கோ எண்டு பேச அவள் வந்தவள், அண்ணை" என்றேன். "இண்டைக்குத் தொடங்கினா, என்னை ஆர் நிப்பாட்டுறது?"