மோகன்தீப்புக்கு நான் இரவல் கொடுத்த பெயர்

மோகன்தீப்பை அறிந்த பெருமக்களே, யாரும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். நம்ப வேண்டாம். நம்பவைக்கும் தெம்பு எனக்கும் இல்லை.

செய்தி வந்தபோது பினாங்கில், பிறை ஊர்த் தொழிற்சாலையில், சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணே, அவரு போயிட்டாரு," என்றாள் அவன் மனைவி வசந்தி, போனில். இயந்திரத்தை அணைத்தேன். பிறையின் லாரிகள் அத்தனையும் அப்படியே நின்றன.

'என்னைத் தெரியாதவளே' என்ற அவன் பாட்டு ஒலிக்காத கல்யாண விருந்து ஜார்ஜ்டவுனில் கிடையாது. கைதட்டிய கூட்டம் கலைந்தபின், தன்னை யாரென்றே தெரியாத ஒருத்தி வந்து "சாப்டியா?" என்று கேட்கமாட்டாளா என ஏங்கும் பாடகனின் பாட்டு. அவன் பல்லவி எடுத்தால் பினாங்குப் பாலம் இரண்டு அங்குலம் ஆடும்; கப்பல்கள் தாமாகவே நங்கூரம் பாய்ச்சும். பக்கத்தில் கீபோர்டு வாசித்த நான் சாட்சி.

ஆனால் எல்லோரும் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, ஒரு செல்ஃபி." ஒரு விருந்தில் கை கழுவப் போனான். பதினேழாயிரம் பேர் படமெடுத்துக்கொண்டார்கள். திரும்புவதற்குள் சாப்பாட்டை எடுத்துவிட்டார்கள்.

"பாட்டுல கேட்டத நெசமாவே கேக்குறேன்டா மாரி. ஒருத்திகூட இல்ல பாரு," என்றான். களைத்த சிரிப்பு.

மறுநாள் என் வேலைச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு சிம்பாங் அம்பாட் போனான். அங்கே தன்னை யாருக்கும் தெரியாதென்று நினைப்பு. மார்பில் என் பெயர் தைத்திருந்ததை மடையன் கவனிக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் சோறு தீர்ந்திருந்தது. கடைக்காரி வசந்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ்ளோ நேரமா சாப்பிடலியா, மாரி அண்ணே?" என்று தன் பங்கை எடுத்து வைத்தாள்.

ஆறு மாதம் அவன் மாரியாகவே சாப்பிட்டான். உண்மையைச் சொன்னால் அவளும் செல்ஃபி கேட்பாளோ என்று நடுங்கினான். கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னான்.

"தெரியும் லா," என்றாள் வசந்தி. "ஒங்க போஸ்டர் எங்க கடைக் கதவுலதான ஒட்டியிருந்திச்சி. பாவம், ஒளிஞ்சிக்கிட்டு நிம்மதியா சாப்புடுறீங்க, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவன் முகம் வெளுத்தது. "அப்ப... பாட்டுக்காகத்தானா?"

"அந்தப் பாட்டா? ஐயோ, ஒரே அழுகை. ரேடியோவுல வந்தாலே நிறுத்திடுவேன்."

அவன் அழுத ஆனந்தக் கண்ணீரில் சிம்பாங் அம்பாட் மூன்று நாள் வெள்ளத்தில் கிடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் "மாரி" என்றே கூப்பிட்டாள். புருஷன் பெயரைச் சொல்லலாமா என்று அவள் அம்மா கடிந்தபோது, "அது அவரு பேரே இல்லையேம்மா," என்றாள். ஊருக்கு மோகன்தீப், வீட்டில் கடைசிவரை மாரி.

நேற்று படையல். யாரோ போனில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். வசந்தி கை காட்டி நிறுத்தினாள். இலையில் சோறு வைத்து, படத்தைப் பார்த்து, "மாரி, சாப்புடுங்க," என்றாள்.

பழக்கதோஷம். நான் எழுந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

"நீங்களுந்தான் அண்ணே. ஒக்காருங்க," என்றாள்.

பாலம் ஆடவில்லை, பெருமக்களே. வெள்ளம் வரவில்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டுதான் போயின. ஆனால் அந்தச் சட்டை உண்மை. கிளம்பும்போது வசந்தி துவைத்து மடித்துக் கையில் கொடுத்தாள். பெயர் தைத்த இடத்தில் மட்டும் நூல் நைந்திருக்கிறது. அவனுடையதென்று என்னிடம் இருப்பது அதுதான், என் பெயர்.