ரத்தம் நல்லா இருந்தது

அம்மா இறந்து காரியம் முடிந்ததும் நான் முதலில் போன இடம் சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் திருவேங்கடம். அங்கே ஒரு சித்தி இருக்கிறாள். சொந்தம் கிடையாது. எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் இடத்தில் அம்மாவுக்குப் பழக்கமானவள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே முறுக்கைப் பிட்டுத் தின்று திரும்புவார்கள்.

அம்மாவைக் கொன்றது எச்.ஐ.வி. இல்லை. கர்ப்பப்பை வாயில் வந்த புற்றுநோய். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அது சீக்கிரம் வருமாம். முற்றுவதற்கு முன்பே பார்த்துவிடலாம் என்று மாத்திரை கொடுக்கும் நர்ஸம்மா பலதடவை சொன்னார். அம்மா போகவில்லை. ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுத்து, கிருமி கட்டுக்குள் இருக்கிறது என்றார்கள். ரத்தத்தில் தெரியாததா என்று நினைத்துவிட்டாள். நின்றுபோன தீட்டு திரும்ப வந்தபோதும் கோயிலுக்குப் போவதைத்தான் நிறுத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

சித்தி பருத்திமார் விறகு கட்டிக்கொண்டிருந்தாள். புற்றுநோய் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவளும் அம்மா மாதிரியேதான் பேசினாள்.

“எனக்கு ரத்தம் நல்லாருக்குன்னுட்டாவளே.”

“அம்மைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சித்தி. இது ரத்தத்துல தெரியாதாம்.”

“பின்ன எங்கன பாப்பாவ?”

விறகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“கர்ப்பப்பை வாயில. உள்ள பாப்பாவளாம்.”

“ஏலே, வெக்கங்கெட்டவனே, இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த?” என்றாள். விறகுக் கட்டை இறுக்கி முடித்த பிறகு, “அவளுக்கு ரொம்ப வலிச்சுதாலே?” என்று கேட்டாள்.

“ரொம்ப.”

அடுத்த வாரம் சங்கரன்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டிருந்தாள். நான் வெளியே டீ வாங்கி வைத்தேன். அது ஆறுவதற்குள் வந்துவிட்டாள்.

“ஏதோ மருந்து தடவிப் பாத்தாவ. ஒரு எடம் வெள்ளையாத் தெரியுதாம். நெல்லையில பெரிய டாக்டர் பாக்கணுமாம். இப்பவே வந்ததால சரி பண்ணிரலாம்னு சொல்லுதாவ.”

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா என்றுதான் இருந்தது. அம்மா மேல் கோபம் வந்தது. எதிரே நின்ற சித்தி மேலும் வந்தது. பிழைத்துவிடுவாளே என்று. அப்படியும் தோன்றியது.

அவள் டீயை வாங்கினாள். நின்றபடியே பாதியைக் குடித்தாள்.

“நெல்லைக்குத் தனியாப் போவத் தெரியாது மக்கா. உங்க அம்மைதான் பஸ் பாத்து ஏத்துவா.”

“வாரேன் சித்தி,” என்றேன். “வேலை பாக்குற தறிப்பட்டறையில லீவு கேக்கணும்.”