தங்கச்சி கையிலிருந்த ரொட்டி

போன வாரம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால்... என் தங்கச்சி. போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவள். என்னைப் பார்க்க ஜீப்பில் இறங்கி வந்தவள், படியேறாமல் நிற்கிறாள்.

"உள்ள வாடி. அங்கேயே ஏன் நிக்கிற?"

"வெறுங்கையோட எப்படிக்கா வர்றது?"

காய்ச்சல்காரரைப் பார்க்கப் போனால் கையில் ரொட்டி இருக்க வேண்டும், இல்லையா? அவளும் மேலேயே வாங்கித்தான் வந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் பறித்துக்கொண்டார்களாம்.

பறித்தது யார்? என் மகனுடைய ஆட்கள்.

போடியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பேக்கரி. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து மெஷின் ரொட்டி லோடு லோடாக இறங்க ஆரம்பித்ததும் எங்கள் அடுப்பு பாதி நாள் எரிவதில்லை. ஊர் பேக்கரிக்காரர்கள் கூடி, வெளி ரொட்டி உள்ளே வரக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். முன்னால் நின்றவன் என் மகன். சரி என்றுதான் நானும் நினைத்தேன். அடுப்படியில் வேகிறவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே?

"நம்ம கடையிலயே ஒண்ணு வாங்கியிருக்கலாமேடி" என்றேன், அசட்டுத்தனமாக.

"நல்லாருக்கே. பேக்கரிக்காரிக்கு அவ கடை ரொட்டியவே கொண்டாறதா? ஒன் வீட்டுச் சோத்தையே ஒனக்கு விருந்து வைக்கச் சொல்லுவ போல."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு மறுபடி படுத்தேன்.

மகன் வந்தான். விஷயம் தெரிந்ததும் தலையைச் சொறிந்தான். "பயலுக ஆள் தெரியாமப் புடுங்கிட்டானுக சித்தி."

"தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீகளாக்கும்?"

"ஆமா சித்தி."

"அப்ப என்கூட வந்தவளுக்கு என்னப்பு சொல்ற? அவ மகன் ஆஸ்பத்திரியில கெடக்கான். அவ கையில இருந்ததையுந்தான் புடுங்குனாக."

நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

"லோடு ஜீப்பையாவது புடிச்சீகளா?" என்றேன் உள்ளேயிருந்தே.

"அது ராசிங்காபுரம் பக்கமாச் சுத்திப் போயிருச்சும்மா."

தடுப்பு என்று ஒன்றைப் போட்டால் லோடு எப்படியோ போய்விடுகிறது. மஞ்சப்பைதான் மாட்டுகிறது.

மகன் எங்கள் அடுப்பில் வெந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு வெரசா ஆஸ்பத்திரிக்குப் போனான். போன வேகத்தில் அதோடேயே திரும்பி வந்தான். அந்தத் தாய் வாங்கவில்லையாம்.

"ஒங்க ஊர் ரொட்டி ஒங்க ஊராளுகளுக்கே இருக்கட்டும் தம்பி" என்றாளாம்.

வெளி ரொட்டி வேண்டாம் என்று அவளும் சொல்லிவிட்டாள்... குறை சொல்ல எங்களுக்கு வாய் ஏது?