ராணியைப் பாத்துக்கோங்க

அச்சன்புதூர் மிஸ்ரியாவுக்கு வாய்த்த மாணவருக்கு வயது நாற்பத்தேழு. போதாக்குறைக்கு அவர் அவள் புருஷன், அதுவும் ரியாத்தில். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று ஊர் கேட்கும். கேட்டால் கேட்கட்டும். வளைத்தே ஆக வேண்டிய நிலைமை அவளுக்கு.

மகள் அஃப்ஷானுக்கு ஆகஸ்ட் கடைசியில் நிக்காஹ். தென்காசியில் மண்டபம் பேசியாகிவிட்டது. பெண்ணைக் கொடுக்க வாப்பா வந்து உட்கார வேண்டும். முகம்மது யூசுப்போ மூன்று தடவை லீவு எழுதிக் கொடுத்து, மூன்று தடவையும் ‘வேலை முடியட்டும்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர். அந்த நேரத்தில்தான் கம்பெனி கேம்ப்பில் செஸ் போட்டி அறிவித்தார்கள். முதல் பரிசு ஒரு மாத லீவும் போகவர டிக்கெட்டும். யூசுப்புக்குக் குதிரை எப்படித் தாண்டும் என்பதே அரைகுறை. ஆனால் வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே.

மிஸ்ரியா பள்ளிக்கூட நாளில் மாவட்டப் போட்டி வரை போனவள். பத்தொன்பதில் கல்யாணம், அதோடு காய்களை டப்பாவில் போட்டு மூடியாயிற்று. இப்போது ஊர்ச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறாள். தையல் முடிந்த சாயங்காலங்களில் தன் போனில் ஆட்டத்தையும் மகள் போனில் புருஷன் முகத்தையும் திறந்து வைத்துக்கொள்வாள்.

“முதல்ல குதிரைய வெளிய எடுங்க. ராஜாவுக்கு ஓரமா கோட்டை கட்டுங்க. ராணி இப்பமே எங்க கிளம்புது? வீட்ல இருக்கட்டும்.”

“சரி டீச்சர்.”

“கேலியெல்லாம் லீவுல வந்து பண்ணுங்க.”

மனுஷர் கெட்டிக்காரர்தான். மூன்று மாதத்தில் பாதி வித்தையைப் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு கோளாறு. எதிராளியின் காய் எங்கே குறி வைக்கிறது என்று பார்க்க மாட்டார். ராணி வெட்டுப்படும் கட்டத்தில் நிற்கும். அவர்பாட்டுக்கு ஒரு சிப்பாயைத் தள்ளுவார். மிஸ்ரியா உடனே, “ராணியைப் பாத்துக்கோங்க” என்பாள். மனுஷர் ஆடியதைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்.

அது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். ராஜாவுக்குச் செக் சொல்வதுபோல ராணிக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வெட்டினால் அது களவு என்பார் அவள் வாப்பா. பந்தயத்தில் அப்படிக் கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பள்ளிக்கூடப் போட்டிகளில் வாயை மூடிக்கொண்டு எத்தனை ராணியை வெட்டியிருக்கிறாள். புருஷனிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு நாள் சொல்லாமல் வெட்டிப் பார்த்தாள். அவர் முகம் விழுந்துவிட்டது. “இன்னைக்குப் போதும்ட்டி” என்று போனை வைத்துவிட்டார். நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வருகிறவரிடம் இதையுமா பிடுங்குவது? மறுநாளிலிருந்து பழையபடி சொன்னாள். அம்மா கொடுக்கும் செல்லம் பிள்ளையைக் கெடுக்கும் என்பார்கள். பெண்டாட்டி கொடுக்கும் செல்லத்தைப் பற்றி எந்தப் பாவியும் சொல்லி வைக்கவில்லை.

கேம்ப்பில் மற்றவர்களும் கற்றுக்குட்டிகள்தான். யூசுப் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார். எதிரே ஒரு மலையாளி, புனலூர்க்காரர். புளியறை தாண்டி மலையிறங்கினால் அவர் ஊர், தமிழ் நன்றாகவே புரியும். அறைக் கூட்டாளி ஒருவர் பலகை தெரியும்படி போனைப் பிடித்திருந்தார். யாரும் இடையில் பேசக் கூடாது என்று மிஸ்ரியாவின் மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். இங்கே அச்சன்புதூரில் சாரல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

யூசுப் அன்று ஆடியதை மிஸ்ரியாவாலேயே நம்ப முடியவில்லை. மந்திரியை ஒதுக்கி, பின்னால் நின்ற யானைக்கு வழி விட்டார். யானைக்கு நேரே புனலூர்க்காரரின் ராணி, காவலில்லாமல். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் கை ஓரத்துச் சிப்பாயை நோக்கி நீண்டது.

அஃப்ஷான் உம்மாவின் தோளைப் பிடித்தாள். “உம்மா, வாப்பா வந்துருவாங்க.”

யூசுப்பின் முகத்தில் ஒரு தவிப்பு ஓடியது. அது எதற்கென்று மிஸ்ரியாவுக்குப் புரிந்துவிட்டது.

“சொல்லாதீங்க,” என்றாள், அணைந்து கிடந்த மைக்கிடம். “அல்லாவே, சொல்லாதீங்க.”

“சேட்டா,” என்றார் யூசுப், மரியாதையாக. “ராணியைப் பாத்துக்கோங்க.”

நீண்ட கை நின்றது. ராணி விலகியது, விலகிய இடத்திலிருந்தே யூசுப்பின் ராஜாவுக்குச் செக். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். “நல்லாத்தான ஆடுனேன்?”

“ஏங்க சொன்னீங்க?”

“சொல்லாம வெட்டுதது களவுன்னு மாமா சொல்லுவாங்கன்னு நீதானட்டி சொன்ன?”

தப்பு அவர் மேல் என்று ஒரு வார்த்தை சொல்ல முடிந்திருந்தால்கூட அழுகை அடங்கியிருக்கும்.

நிக்காஹ்வில் வாப்பாவின் இடத்தில் யூசுப்பின் தம்பி அகமது கபீர் உட்கார்ந்தார். யூசுப் போனில் பார்த்தார். பிரியாணி எப்படி என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

நாலு நாள் கழித்து, “அடுத்த வருஷமும் போட்டி உண்டாம், வா ஆடுவோம்” என்றார். ஆடினார்கள். பத்தாவது நகர்த்தலில் அவர் ராணி வழக்கம்போல வெட்டுப்படும் கட்டத்தில் வந்து நின்றது. மிஸ்ரியா மகள் விட்டுப்போன பழைய போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் முகம் இப்போது தெரியாது. பிறகு வெட்டினாள்.

சுவர்ப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது.

“மிஸ்ரியா, சொல்லலியே?”

“இனி சொல்ல மாட்டேன். ஆடுங்க.”