மயிலைத் தைக்கும் உரிமை

“தைத்து விற்கலாம். ஃபைலை விற்கக் கூடாது.” மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில், மெஷின்மேல் ஒட்டியிருந்த சீட்டு இது. ஃபைல் என்றால், விலைக்கு வாங்கி மெஷினில் ஏற்றும் டிசைன் பதிவு. தேதி போடவில்லை. நான் பார்த்தது போன தை மாதம், மனைவியின் ரவிக்கையை வாங்கப் போனபோது.

கடைக்கார அம்மாள் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, யார் பேசினாலும் நிமிராமல் பிசிறு நூலை வெட்டிக்கொண்டிருப்பார். அவருக்குப் பெரும்பாலான வேலையைக் கொடுப்பவர் ஸ்ரீரங்கத்துத் தையல்காரப் பெண். அன்று அந்தப் பெண் ஒரு பென்டிரைவை நீட்டினார்.

“அக்கா, அந்த மயில் டிசைனை இதுல போட்டுக் குடுங்க. தங்கச்சி மெஷின் வாங்கியிருக்கா.”

“டிசைன் போட்டவங்க சிலதுக்கு ஃபைலையே விக்கிற உரிமையும் குடுப்பாங்க. இதுக்குத் தைச்சு விக்க மட்டுந்தாம்மா.”

“நூல் கேட்டா மட்டும் குடுக்கிறீங்க?”

“நூல் குடுத்தா என்கிட்ட குறையும். இது குறையாது, அதான் ஆளாளுக்குக் கேக்குறீங்க.”

“எவன் வந்து பாக்கப்போறான்? குடுக்கலன்னா என் துணியெல்லாம் வேற கடைக்குத்தான் போகும்.”

“யாரும் பாக்க மாட்டாங்கதான்” என்று அலுப்போடு சொல்லிவிட்டு, பென்டிரைவைத் தொடாமல் அடுத்த பிசிறை வெட்டினார்.

பங்குனியில் போனபோது மெஷினுக்கு உறை போட்டிருந்தது. ஸ்ரீரங்கத்துத் துணி நின்றுவிட்டதா, மெஷின்தான் ரிப்பேரா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. எது காரணம் என்பது இன்னும் உறுதிசெய்யப்படாத தகவல்.