ஓடை நடுவில் நின்ற அம்மா

எங்கள் அம்மா புதுச்சேரிக் கடலோரத்துக் குருசுக்குப்பத்தில் பிறந்தவர். தாத்தாவும் மாமாவும் கடலுக்குப் போய் வந்தவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண், மலை ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று மெல்லிய கோல் வீசி மீன் பிடிப்பதில்தான் தம் மகிழ்ச்சியைக் கண்டார் என்றால், எங்கள் சொந்தக்காரர்களிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்கு, அந்தக் கதையைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பத்தொன்பது வயதில் திருமணம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். தெற்கு பிரான்சில் ஒரு மலையடிவாரத்து ஊரில் குடித்தனம் வைத்துவிட்டு, மாதக் கணக்கில் பணிக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு மொழி தெரியாது. குளிர் தாங்காது. அடுப்படியில் உட்கார்ந்து அழுத நாட்கள் அதிகம் என்று பின்னாளில் எங்களிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டில் அம்மாவின் வயதிலேயே ஒரு பெண் இருந்தாள். அம்மாவுக்கு நான் இருந்ததுபோல் அவளுக்கும் கைக்குழந்தை, அவள் கணவனும் வெளியூரில். ஒரு நாள் அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓடைக்கு அழைத்துப் போனாள்.

இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சி போலக் கட்டுவார்கள். அந்தப் பொய்ப் பூச்சியை, உண்மைப் பூச்சி தண்ணீர் மேல் வந்து உட்காருவது போல இறக்க வேண்டும். ட்ரவுட் என்னும் அந்த மீன் நம் நிழல் விழுந்தாலே ஓடிவிடும். அம்மாவுக்கு அது கடைசி வரை பிரெஞ்சில் கற்றபடி ‘த்ருய்த்’தான், பூச்சி ‘மூஷ்’தான். முதல் மீன் மாட்ட இரண்டு கோடை ஆயிற்றாம். அம்மாவின் முப்பதாவது பிறந்தநாளுக்கு அப்பா சொந்தமாக ஒரு கோல் வாங்கிக் கொடுத்தார்.

அப்பா ஓய்வு பெற்று நாங்கள் புதுச்சேரிக்குத் திரும்பியபோது அந்தக் கோல் பச்சைக் குழாய் உறைக்குள் பரணில் ஏறியது. வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில் விட்ட ட்ரவுட் இன்னும் தானாகவே பெருகி வாழ்கிறது என்று யாரோ சொல்ல, மறு வாரமே அம்மா அதை இறக்கிவிட்டார். அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஊட்டிக்குப் போய், அனுமதிச் சீட்டு வாங்கி, அவலாஞ்சிக்கு மேலே உள்ள ஓடையில் இரண்டு மூன்று நாட்கள் மீன் பிடிப்பார். பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவார். அப்பா இருந்தவரை கூடப் போனார். பிறகு அம்மா தனியாகவே போய் வந்தார்.

மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, இது பெரிய வேடிக்கை.

“ஏக்கா, புடிச்ச மீன திரும்பத் தண்ணியிலயே வுடறதுக்கா அவ்ளோ தூரம் பஸ்ஸேறிப் போற? இங்க வா, நம்ம கரையில நானே நாலு மீன் தரேன், நீ கடல்ல வுட்டுட்டுப் போ.”

“உனக்குப் புரியாதுடா,” என்பார் அம்மா. அவ்வளவுதான் பதில்.

2004 மார்ச்சில் அம்மாவுக்கு மாரடைப்பு வந்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். மருத்துவர் என்னிடம், “செங்குத்தா மேடு ஏற வேணாம், தனியா எங்கயும் போக வேணாம்” என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம், “இனிமே மலைக்கே போகக் கூடாதுன்னுட்டாரு டாக்டர்” என்றேன். அந்தக் கோலை எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மருத்துவர் சொன்னது வேறு, நான் சொன்னது வேறு. இதை இன்று முதன்முறையாக எல்லோருக்கும் தெரிய ஒப்புக்கொள்கிறேன். பயம் என்னை அப்படிப் பேச வைத்தது.

மூன்று மாதம் அம்மா வீட்டோடே இருந்தார். கோடை விடுமுறை முடிந்து நான் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பிய வாரம், “காரைக்கால்ல உன் சின்னம்மாவப் பாத்துட்டு வரேன்” என்று பையுடன் கிளம்பினார். போய்ச் சேர்ந்தாரா என்று மறுநாள் காலை காரைக்காலுக்குப் போன் செய்தேன்.

“அக்கா இங்க வரவே இல்லியே பாப்பா,” என்றார் சின்னம்மா.

ஏதோ தோன்றி பீரோவைத் திறந்தேன். கோல் இல்லை. பெரிய மார்க்கெட்டில் சாவி செய்பவரிடம் அம்மா கள்ளச்சாவி போட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மாமாவிடம் ஓடினேன். வலையைப் போட்டது போட்டபடி எழுந்து வந்தார். அன்றே பஸ் பிடித்தோம். வழி நெடுக மாமா ஒரு கிண்டலும் பேசவில்லை. மறுநாள் மதியம் அவலாஞ்சியில் இறங்கியபோது மேலே மலை முகடு கறுத்திருந்தது.

அந்த ஓடையின் மீன்துறைக் காவலர், நாங்கள் விசாரித்ததும், “அம்மா காலையிலேயே மேல போனாங்களே. மேல நல்ல மழைங்க, தண்ணி இறங்கிட்டு இருக்கும்” என்றார். அதற்கு மேல் அவரும் நிற்கவில்லை. நைலான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஓடை செம்மண் நிறத்தில் சீறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கரையோடு நடந்தோம். ஒரு வளைவு திரும்பியதும் அம்மா தெரிந்தார். ஓடை நடுவில் ஒரு பாறை மேல், தொப்பலாக நனைந்து, கோலை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் இறங்கியபோது முழங்கால் அளவே இருந்த தண்ணீர், இரு பக்கமும் ஆள் மட்டத்துக்கு ஏறிவிட்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அம்மா கத்திய முதல் வார்த்தை: “நீ எதுக்கு வந்த? ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டியா?”

மாமா சட்டையைக் கழற்றினார். கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினார். கடலில் நாற்பது ஆண்டு இருந்தவர், முதல் அடியிலேயே தடுமாறினார்.

“கடல்ல அல வரும், போவும். இது ஒரே பக்கமா இழுக்குதே!” என்றார். காவலர் மேல் பக்கம் கை காட்ட, அங்கே கொஞ்சம் ஏறிப் போய் மறுபடி இறங்கினார். வெள்ளமே அவரைப் பாறைப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது.

“ரெண்டு கையாலயும் என் கழுத்தப் புடி எக்கா. அந்தக் கோல வுடு.”

“இது அவரு வாங்கித் தந்ததுடா.”

“அவரு இருந்தா அவரே வுடச் சொல்லுவாரு. வுடு!”

அம்மா கோலை ஒரு முறை பார்த்தார். பிறகு விட்டார். அது பாறையில் மோதி, கண்ணுக்கு எட்டாமல் போயிற்று. நானும் காவலரும் கயிற்றை இழுத்தோம். அக்காவும் தம்பியும் கரையில் வந்து விழுந்தபோதுதான் நான் மூச்சு விட்டேன். அம்மாவைக் கட்டிக்கொண்டு திட்டினேன், அழுதேன், மறுபடி திட்டினேன்.

காவலரின் குடிசையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கடுங்காப்பி குடித்தபடி அம்மா சொன்னார்: “பொய் சொன்னது தப்புதான் பாப்பா. ஆனா மூணு மாசமா நீங்க எல்லாம் என்னை உடைஞ்ச சாமான் மாதிரி பாத்தீங்க. தண்ணியில நிக்கிறப்போதான் எனக்கு என் உடம்பு என்னுதுன்னு தோணுச்சு.”

நானும் என் பொய்யைச் சொன்னேன். மருத்துவர் உண்மையில் என்ன சொன்னார் என்பதைச் சொன்னேன். அம்மா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “அப்போ ரெண்டு பேரும் சரியாப் போச்சு” என்று சிரித்துவிட்டார்.

அதன் பிறகு நான்கு ஆண்டுகள் அம்மா மலைக்குப் போனார். நானும் மாமாவும் கூடவே போனோம். ஜீப் போகும் தூரத்தில், சமதரையில் உள்ள மடுவோடு நிறுத்திக்கொண்டோம். பிரான்சில் இருக்கும் என் தம்பி புதுக் கோல் அனுப்பினான். மூன்றாவது பயணத்தில் மாமாவுக்கு ஒரு த்ருய்த் மாட்டியது. பொன்னிறத்தில், பக்கவாட்டில் சிவப்புக் கீற்றோடு, உள்ளங்கையில் துடித்தது. “இன்னா பண்றது?” என்று அம்மாவைக் கேட்டார். “நீயே முடிவு பண்ணு” என்றார் அம்மா. மாமா குனிந்து, அதை நீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் தானாக நழுவிப் போன பிறகும் கையை எடுக்கவில்லை.

சென்ற ஆண்டு இதே மாதத்தில் அம்மாவுக்கு மீண்டும் நெஞ்சு கனத்தது. மருத்துவமனையில் நான்கு நாட்கள் இருந்தார்.

அம்மாவைத் தம் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும், வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த எங்கள் தெருவாருக்கும், இறுதிக் காரியங்களைத் தோள்கொடுத்து நடத்திய குருசுக்குப்பத்து உறவினர்களுக்கும், செய்தி கேட்டு மலையிலிருந்து பஸ்ஸேறி வந்து நின்ற காவலர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். ஆகவே சொல்லவில்லை.

வர முடியாமல் போன பிரான்சு உறவுகள் போனில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாரா? அன்று அழுகையில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். கடைசி நாள் காலை செவிலியர் வந்து, “எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டார். அம்மா கால், கை, நெஞ்சு என்று ஒவ்வொன்றாகத் தமக்குள்ளே பார்த்து வருவது போல இருந்தது.

“எங்கயும் வலிக்கலம்மா,” என்றார். சொன்னவருக்கே அது வியப்பாக இருந்தது.