அங்குலம்

"நாலடி ஏழங்குலம்," என்கிறார் அங்குலம், மருந்துக்கடை வரிசையில் நின்றபடி. முன்னால் நிற்பவரின் பிடரிக்கும் தன் கண்ணுக்கும் உள்ள தூரம் அது. பக்கத்தில் நிற்கும் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறார். "எங்க வீட்டுக்கு மொத தடவை வந்தப்பவே என்னைப் பாத்து பதினோரு அடின்னு முணுமுணுத்தாரு. நான் ஏதோ மந்திரம்னு நெனச்சேன்."

பட்டப்பெயர் படப்பிடிப்புத் தளம் வைத்தது. வேலை ஃபோகஸ் பார்ப்பது. நடிகர் நகர நகர, கேமரா லென்ஸின் வளையத்தைத் திருகி முகம் மங்காமல் காப்பாற்ற வேண்டும். நெருக்கத்தில் ஓரங்குலம் பிசகினால் போதும், கண் மங்கிவிடும், காது மட்டும் பளிச்சென்று தெரியும். ஒழுங்காகச் செய்தால் ஒரு பயலும் கவனிக்காத இந்தப் பிழைப்பை மனிதர் முப்பது வருடமாக ஆசையாகச் செய்கிறார்.

நடிகர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் நாடா ஒட்டுவார். மானிட்டர் பக்கம் திரும்பவே மாட்டார். "அதுல மங்கல் தெரியுறப்போ காரியம் கெட்டுப் போயிருக்கும். நான் காலைத்தான் பாப்பேன். மொதல்ல கெளம்புறது அதுதான்."

போன வாரம் அவரையே ஆட்டிப் பார்த்தது ஒரு ஷாட். இடுப்பில் அறுவைசிகிச்சை முடிந்து திரும்பிய மூத்த நடிகை, வாசலிலிருந்து மேசை வரை கைத்தடியில்லாமல் நடந்து வர வேண்டும். ஒரே ஒரு தடவைதான் என்று மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். ஒத்திகையும் கிடையாது. ஃபோகஸ் தப்பினால் காட்சியே போச்சு.

நடிகை நடந்தார். மேசையருகே நாடாவில் நிற்க வேண்டியவர் நிற்கவில்லை, கேமராவை நோக்கி வந்துகொண்டே இருந்தார். இயக்குநர் பதறி எழுந்துவிட்டார். அங்குலம் வளையத்தைத் திருகியபடி அந்தக் கால்களையே பார்த்தார். ஐந்தடி. நாலடி. மூன்றடி இரண்டங்குலத்தில் அவை நின்றன.

மானிட்டரில் அந்த அம்மாவின் இமைமுடியை எண்ணிவிடலாம். ஒரு கணம்கூட மங்கவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கண்ணால் மட்டுமே அளந்து ஒரு மனிதர் இதைச் செய்தார் என்றால் நம்பத்தான் முடியவில்லை.

"நாடாவைச் சுத்தமா மறந்துட்டேன்பா," என்றார் நடிகை, நாற்காலியில் சாய்ந்து. "கடைசியில அழுதேனே, பாத்தியா?"

"அழுதீங்களாம்மா? நான் கால்லயே இருந்துட்டேன்."

நடிகை அவர் கையைப் பிடித்து இழுத்து அருகில் உட்காரவைத்து, ஷாட்டை மறுபடி ஓடவிடச் சொன்னார். திரையில் நடிகை நெருங்கி வந்தார், கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அங்குலம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த அவருடைய வலது கை, இல்லாத வளையத்தை மெல்லத் திருகிக்கொண்டிருந்தது.